மட்டையை விட்டுப் பார்த்து வாங்குங்கள்: சின்ன சிப்பர் மிஷின், ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

கடலூரில் மரம் கழிப்பது, சாய்ந்த மரத்தை இறக்குவது, தென்னைக்கு மட்டை எடுப்பது, இதுதான் எங்கள் தொழில். நானும் நான்கு பேரும், ஒரு குட்டியானை, இரண்டு செயின்சா, கயிறு, ஏணி. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், வடக்கே ரெட்டிச்சாவடி தாண்டி தவளக்குப்பம், அரியாங்குப்பம், புதுச்சேரி டவுன் வரைக்கும் வேலைக்குப் போவோம். 2025 பிப்ரவரியில் ஒரு சிப்பர் மிஷின் வாங்கினேன். கிளையை வாயில் விட்டால் சில்லு சில்லாக வெட்டி மேலே ஒரு குழாய் வழியாகத் துப்புகிற மிஷின். வாங்குவதற்கு முன் நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் நேரான, பச்சையான, மணிக்கட்டுத் தடிமன் கிளையைத்தான் விட்டுக் காட்டினார்கள். நம் பக்கத்தில் வருவதோ தென்னை மட்டை, காய்ந்த சவுக்கு, முள்ளு முள்ளாகக் காகிதப்பூ, கோணல் கோணலாக வேம்பு. அதை விட்டால் என்ன ஆகும் என்று யாரும் காட்டவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சரியாக இருந்தால்தான் எந்த மிஷின் என்ற கேள்விக்கே அர்த்தம். மரத்தில் கட்டைக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. வேம்பு, பூவரசு, பலா என்றால் அறுப்புக்குக் கேட்பார்கள், சவுக்கு என்றால் கம்புக்கும் விறகுக்கும் போய்விடும், ஒன்றுமில்லாத மரம் என்றாலும் விறகு மண்டியில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாதது மிலாறுக்குத்தான். விரல் தடிமனும் அதற்குக் கீழேயும், இலையோடு, கிளைவிட்டுக் கிளைவிட்டு, குட்டியானையில் ஏற்றினால் தொட்டி நிறைந்து வழியும், எடை போட்டால் இருநூறு கிலோ தேறாது. ஒரு வீட்டில் பெரிய வேப்பமரத்தைக் கழித்தால் கட்டை ஒரு நடை, மிலாறு நான்கு நடை. நடைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் வைத்தாலும் கிடைக்கும் கூலியில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும். போய்க் கொட்டுகிற இடத்தில் "இங்க கொட்டாதீங்க" என்று வரும் சண்டை தனி. எரிக்கலாம் என்பார்கள். 2016-ம் வருட திடக்கழிவு விதிகளிலேயே தோட்டக் கழிவையும் எரிக்கக்கூடாது என்று இருந்தது, அது இருக்கட்டும், பச்சை மிலாறைக் கொளுத்தினால் வரும் புகையில் பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருந்தாலே போதும், அந்தத் தெருவில் மறுபடி நமக்கு வேலை கிடையாது, கிடைக்கவும் கூடாது.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து கரையோர ஊர்கள் மூழ்கின. அந்த டிசம்பர் முழுக்க நாங்கள் வீடு திரும்பியது தூங்குவதற்கு மட்டும்தான். மரத்தை இறக்கி வழி விட்டுவிடுவோம், கட்டையை யாராவது எடுத்துப் போய்விடுவார்கள், மிலாறு மட்டும் தெரு ஓரத்தில் வாரக்கணக்கில் கிடக்கும், அடியில் தண்ணீர் தேங்கிக் கொசு, பாம்பு. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது நான் பண்ருட்டிப் பக்கம் வேறொருவரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன், அப்போதும் இதேதான், விழுந்த முந்திரியும் பலாவும் கட்டையாகப் போயின, கொப்பெல்லாம் தோப்புத் தோப்பாக எரிந்தது. பதின்மூன்று வருடம் கழித்தும் அதே குவியலைப் பார்த்தபோதுதான் மிஷின் வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

சரி, எந்த மிஷின்.

மார்க்கெட்டில் நம் கைக்கு எட்டுகிற விலையில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, வீட்டுக் கரண்டில் ஓடுகிற சின்ன ஷ்ரெடர், இரண்டரை கிலோவாட் மோட்டார், நாற்பது நாற்பத்தைந்து மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நான்கு செம்பருத்தி, ஒரு கொய்யா, ஒரு மாமரம் இருக்கிற வீட்டுக்கு அது போதும், நல்ல சாமானும்கூட. ஒரு அங்குலப் பச்சைக் கிளைவரை நிம்மதியாக எடுக்கும். தொழிலுக்கு ஆகாது. இன்னொன்று, டிராக்டரின் பி.டி.ஓ.வில், அதாவது பின்பக்கம் சுற்றுகிற தண்டில் மாட்டுவது, நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே டிராக்டர் வைத்திருப்பவர்கள், கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம், தனி இன்ஜின் பராமரிப்பு கிடையாது, சக்தியும் அதிகம். ஆனால் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டுக்கு டிராக்டர் போகுமா. மூன்றாவதுதான் நான் வாங்கியது: தனி பெட்ரோல் இன்ஜின், இரண்டு சக்கரம், தள்ளிக்கொண்டு போகலாம். ஏழு எச்.பி.யிலிருந்து பதினைந்து எச்.பி. வரை வருகிறது. என்னுடையது பதினைந்து எச்.பி., 420 சிசி, உருளையில் இரண்டு பிளேடு, எடை நூற்று அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஜிஎஸ்டியோடு ₹1,48,000 கொடுத்தேன். பிராண்ட் பெயர் எழுதாததற்குக் காரணம், இதே வார்ப்பு, இதே குழாய், இதே சக்கரம், வேறு வேறு பெயிண்டில் வேறு வேறு ஸ்டிக்கரில் வருகிறது. ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிட வாயைப் பாருங்கள்.

வாய் என்று சொல்வது கிளை உள்ளே நுழைகிற ஓட்டை. வெளியே புனல் மாதிரி பெரிதாக விரிந்திருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது, புனலுக்கு உள்ளே கையளவு டேப் விட்டு அளந்து பார்க்க வேண்டும், இன்ஜின் ஓடாதபோது. என்னுடையதில் விளம்பரத்தில் ஐந்து அங்குலம் என்று போட்டிருந்தது, உள்ளே ஓட்டையும் ஏறத்தாழ ஐந்துக்கு ஐந்துதான். அந்த ஐந்து அங்குலக் கட்டையை அது வெட்டுமா என்றால், பச்சை முருங்கை மாதிரி மெத்தென்ற மரம் என்றால் திணறித் திணறி வெட்டும், வேம்பில் மூன்று அங்குலம், காய்ந்த சவுக்கில் ஒன்றரை, தப்பினால் இரண்டு. ஆனால் அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் அது விறகு, அதை எதற்குச் சில்லாக்க வேண்டும். ஓட்டை பெரிதாக இருக்க வேண்டியது தடித்த கட்டைக்காக இல்லை, கவைக்காக. ஒரு கிளை இரண்டாகப் பிரிகிற இடம் இருக்கிறதே, அது நான்கு அங்குல ஓட்டையில் சிக்கும், அரிவாளை எடுத்து ஒரு கவையை வெட்டி விட வேண்டும், இன்னொரு கவை, இன்னொரு வெட்டு. சாயங்காலம் பார்த்தால் மிஷின் வெட்டிய நேரத்தைவிட மிஷினுக்காக நாம் வெட்டிய நேரம் அதிகமாக இருக்கும். ஏழு எச்.பி. மிஷின்களில் நான் பார்த்தவரை ஓட்டை மூன்றரைக்குள்தான். இயல்வாகை, மயில்கொன்றை மாதிரி முழங்கை முழங்கையாக வளைகிற மரத்துக்கு அது சுத்தமாக ஒத்துவராது. அதனால்தான் எழுபதாயிரத்தில் முடிந்திருக்க வேண்டியதை ஒன்றரை லட்சத்துக்குக் கொண்டுபோனேன், அதில் வருத்தம் இல்லை.

இன்னும் மூன்று அளவு எடுக்க வேண்டும். மிஷினின் அகலம், உங்கள் வேலை நடக்கும் வீடுகளின் கேட் அகலம், வண்டித் தொட்டி. என்னுடைய மிஷின் மூன்றடி கேட்டில் நுழையும், புதுச்சேரியில் பழைய வீட்டு வரிசைகளில் சில சந்தில் அதுவும் கஷ்டம், அங்கே கிளையை வெளியே இழுத்து வந்துதான் ஓட்டுகிறோம். வாயின் உயரம் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது, தரையிலிருந்து குனிந்து குனிந்து விடுகிற மிஷினில் மதியத்துக்குள் முதுகு போய்விடும்.

வாங்கும்போது நான் செய்த ஒரு நல்ல காரியம், கடைக்குப் போகும்போது வண்டியில் நம் சரக்கையே ஏற்றிக்கொண்டு போனது. பச்சை வேப்பங்கிளை, காய்ந்த சவுக்கு, ஒரு கட்டு காகிதப்பூ, நான்கு தென்னை மட்டை. கடைக்காரர் சிரித்தார், பரவாயில்லை. அவர் வைத்திருந்த டெமோ கட்டையை விட்டபோது மூன்று மிஷினும் ஒரே மாதிரி இருந்தன. மட்டையை விட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. முதல் மிஷின், உருளைக்குப் பதில் தட்டில் பிளேடு மாட்டிய வகை, கீற்றை இழுத்து நார் நாராகத் தண்டில் சுற்றி நின்றேவிட்டது. இரண்டாவது கீற்றைத் துப்பிவிட்டு அடிமட்டையில் துள்ளியது. மூன்றாவது, உருளை வகை, சத்தம் இறங்கி ஏறி எப்படியோ முடித்தது. அதைத்தான் வாங்கினேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த முதல் வாரம் அதுவும் படுத்தியது. முதல் நாள் தவளக்குப்பத்தில் ஒரு தோட்டம், அறுபது எழுபது மட்டை. பத்தாவது மட்டையில் குழாயில் வந்தது சில்லு இல்லை, கயிறு. ஒரு முழ நீளத்துக்கு ஈர்க்கும் நாருமாக, வெட்டுப்படாமல், நசுங்கி. அப்புறம் குழாய் அடைத்தது, பெல்ட் தேய்ந்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. இன்ஜினை நிறுத்தி, ப்ளக் கேப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தால் உருளையின் இரண்டு பக்கத்திலும் பன்னாடையும் நாரும் கயிறு முறுக்கின மாதிரி இறுகிக் கிடந்தது, கத்தியால் அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம். கடைக்குப் போன் செய்தால் "தென்னை மட்டைக்கு இந்த மிஷின் இல்லைங்க, வாரண்டியில வராது" என்றார்கள், நான்கு நாள் முன்னால் அதே மட்டையை அவர்கள் முன்னாலேயே விட்டுக் காட்டியிருந்தும். கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால் தூக்கமும் வரவில்லை, ஒன்றரை லட்சம்.

மேனுவலை உட்கார்ந்து படித்ததில் வழி கிடைத்தது. உருளையோடு சுற்றுகிறது பிளேடு, அதற்கு எதிரில் அசையாமல் நிற்கிறது எதிர்ப்பட்டை. இரண்டும் சேர்ந்து கத்தரி மாதிரி வெட்டுகின்றன. நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி என் மிஷினுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. ஃபீலர் கேஜ் வைத்து அளந்தால் மூன்றுக்கும் மேலே, அதுவும் ஒரு ஓரத்தில் மூன்று, இன்னொரு ஓரத்தில் அதற்கும் அதிகம். மொட்டைக் கத்தரியில் துணி வெட்டினால் துணி மடங்கி நடுவில் போகுமே, அதேதான் கீற்றுக்கு நடந்திருக்கிறது. கட்டைக்கு அந்த இடைவெளி தெரியாது, மட்டைக்குத் தெரியும். எதிர்ப்பட்டையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, உருளையை ஒரு மரக்கட்டையால் கையில் சுற்றிச் சுற்றி இரண்டு பிளேடுக்கும் ஓரத்துக்கு ஓரம் சரிபார்த்து இறுக்கினோம். மறுநாள் அதே மட்டை, விரல் நக அளவுச் சில்லாக வந்து விழுந்தது. மிஷின் வாங்கியவர் யாராக இருந்தாலும் முதல் நாளே இந்த இடைவெளியை அளந்துவிடுங்கள், கடையில் செட் பண்ணித்தான் கொடுத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். பிளேடு போல்ட்டுகளையும் அன்றே இறுக்கிப் பாருங்கள், எனக்கு ஒன்று ஐந்தாம் நாளே தளர்ந்திருந்தது.

மட்டையை விடுவதிலும் முறை இருக்கிறது. தடித்த அடிப்பகுதி முதலில் போக வேண்டும், கீற்று பின்னால். அடிமட்டையின் அகலமான பகுதி ஓட்டைக்குள் நுழையாது, அதை ஒரு முழம் வெட்டி விறகுக்கு ஒதுக்கிவிடுகிறோம். இரண்டு மூன்று நாள் வாடிய மட்டை நன்றாகப் போகும், மழையில் நனைந்தது அடைக்கும், வருடக்கணக்கில் காய்ந்தது தூசிதான். பன்னாடையையும் பாளையையும் உள்ளே விடவே கூடாது, அதுதான் சுற்றுகிறது. ஐந்து மட்டைக்கு ஒரு வேப்பங்கிளை விட்டால் குழாயைத் தள்ளிச் சுத்தம் செய்துவிடும், இதை நாங்களாகக் கண்டுபிடித்தோம்.

மற்ற மரங்களைப் பற்றிச் சுருக்கமாக. வேம்பு, புங்கன், பூவரசு, வாதா, இந்த நான்கும் இந்த மிஷினுக்கென்றே பிறந்த மாதிரி. மா நன்றாகப் போகும். முருங்கை பச்சையாக இருந்தால் கூழாகிக் குழாயில் ஒட்டும், வாட விட்டு விடுங்கள். பலாவில் பால் வரும், அது பிளேடில் ஒட்டித் தூசியைப் பிடித்துக் கருப்பாகக் கெட்டியாகிவிடும், சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் மறுநாள் மிஷின் இழுக்காது. மூங்கில் பிளேடைத் தின்கிறது, ஒரு புதரை முடித்தால் ஒரு சாணை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சவுக்கைப் பற்றி மேலே சொன்னேன், பச்சையில் விட்டால் நல்லது, காய்ந்தால் இரும்பு. சீமைக்கருவேலம் வெட்டும், ஆனால் முள் முழுதாகவே சில்லோடு வந்துவிடும், அந்தச் சில்லை நடைபாதையிலோ குழந்தைகள் ஓடுகிற இடத்திலோ போடக்கூடாது. வேர், மண் ஒட்டிய அடிக்கட்டை, கம்பி சுற்றிய வேலிக்கழி, ஆணி அடித்த மரம், எதுவும் வேண்டாம். தெரு மரங்களில் பேனர் கட்டின கம்பி இருக்கும், அதைத் தேடிப் பார்த்த பிறகுதான் விடுகிறோம்.

மிஷின் ஓட்டத் தெரிந்துகொள்வது என்பது பெரும்பாலும் காது விஷயம். நிறைந்த வேகத்தில் ஒரு சீரான இரைச்சல் இருக்கும், கிளை உள்ளே போனதும் அது இறங்கும், கொஞ்சம் இறங்கி நின்றால் சரி, மேலும் மேலும் இறங்கினால் கிளையைப் பின்னால் இழுத்துப் பிடித்து சத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய மிஷின்களில் கிளையைப் பிடிக்கிற தனி உருளை போட்டு அதுவாகவே இழுக்கும், வேகம் குறைந்தால் தானாக நிறுத்தும் ஏற்பாடு இருக்கும். இந்த அளவில் அதெல்லாம் கிடையாது, அந்த வேலையை நம் கையும் காதும் செய்ய வேண்டும். எங்கள் பையன்களில் ஒருவனுக்கு அது இரண்டே நாளில் வந்துவிட்டது, இன்னொருவனுக்கு இன்னும் வரவில்லை, அவனை நான் வாய்ப்பக்கம் நிறுத்துவதில்லை.

பிளேடு மழுங்கினது எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். சில்லுக்குப் பதில் தூளும் சிலும்புமாக வரும், கிளை தானாக உள்ளே போகாமல் எகிறும், நாம் தள்ள ஆரம்பிப்போம். தள்ள ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும், ஆபத்து அங்கேதான். என் பிளேடு இரண்டு பக்கமும் வெட்டும், ஒரு பக்கம் சாதாரண வேலையில் இருபது இருபத்தைந்து மணி நேரம் வருகிறது. தெருவில் கத்தி சாணை பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள், கையில் கிரைண்டர் வைத்துத் தீட்டினால் விளிம்பு சூடாகி நீலம் பாயும், பதம் போய்விடும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தண்ணீர் விட்டுத் தீட்டுகிற சர்ஃபேஸ் கிரைண்டிங் பட்டறைகள் இருக்கின்றன, இரண்டு பிளேடையும் ஒன்றாகப் படுக்க வைத்துச் சமமாகத் தீட்டிக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் உருளை ஆடும், பேரிங் போகும். லேத்தில் சொல்லி நம் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு இரும்பில் பிளேடு செய்து மாட்டுவது வேண்டவே வேண்டாம், அது உடைந்து பறந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போதே ஒரு ஜோடி பிளேடும் ஒரு செட் பெல்ட்டும் சேர்த்து வாங்குங்கள், கொடுக்க முடியாத கடையில் மிஷினே வாங்காதீர்கள்.

இன்ஜினில் பெரிய தொல்லை இல்லை. முதல் ஆயில் ஐந்து மணி நேரத்திலேயே மாற்றினேன், வெள்ளி மினுமினுப்பாக வந்தது, புது இன்ஜினில் அது சகஜம். அப்புறம் நாற்பது மணிக்கு ஒரு தரம், ஒரு லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும். ஏர் ஃபில்டர் மட்டும் தினமும் தட்ட வேண்டும், மரத்தூள் அப்படி அடைக்கிறது. ஒருநாள் சரிவில் வைத்து ஓட்டியபோது நின்று நின்று போனது, கார்ப்பரேட்டரைக் கழற்றி அரை நாள் வீணாக்கினோம், காரணம் ஆயில் குறைந்தால் நிறுத்துகிற சென்சார், சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் அது இன்ஜினை அணைத்திருக்கிறது. சமதளத்துக்குத் தள்ளியதும் ஓடியது. பெட்ரோல் ஓடும் நேரத்துக்கு மணிக்கு இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர், புதுச்சேரிப் பக்கம் வேலை இருக்கும் நாளில் அங்கேயே நிரப்பிக்கொள்கிறோம், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். செல்ஃப் ஸ்டார்ட் பேட்டரி முதல் மழைக்காலத்திலேயே செத்தது, இப்போது கயிறு இழுத்துத்தான்.

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன வருடம் அரியாங்குப்பத்தில் ஒரு வேலை. மேலே ஒருவன் மரத்தில், கிளையைக் கயிறு கட்டி இறக்குகிறான், கீழே ஒருவன் முடிச்சை அவிழ்த்து மிஷினுக்கு இழுத்து வருகிறான். நான் வாயருகே நிற்கிறேன். ஒரு கிளையை வாங்கி அடியை உள்ளே வைத்துவிட்டேன், அது இழுக்க ஆரம்பித்துவிட்டது, அப்போதுதான் இலைக்கு நடுவில் பச்சை நைலான் தெரிந்தது. முடிச்சு அவிழ்க்கவில்லை. கயிற்றின் மறுமுனை மரத்தில், அவன் இடுப்புக்குப் பக்கத்தில். சிவப்பு பட்டனை அடித்தேன், இன்ஜின் நின்றது, உருளை நிற்கவில்லை, அது கனமான இரும்பு, ஒரு நிமிடம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினேன், கீழே இருந்தவன் அரிவாளால் கயிற்றை வெட்டினான். இரண்டு முழம் கயிறு உள்ளே போயிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று அதற்கு மேல் நாங்கள் வேலை செய்யவில்லை, எல்லாரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம், மரத்தில் இருந்தவன் "அண்ணே, விடுங்கண்ணே" என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து மிஷினைச் சுற்றிப் பதினைந்து அடிக்குக் கயிறு வராது. இறக்கிய கிளை முதலில் ஒரு தார்ப்பாயில் விழும், அங்கே முடிச்சும் கம்பியும் பார்த்த பிறகுதான் மிஷினுக்கு வரும். கழுத்தில் துண்டு கிடையாது, வேட்டி லுங்கி கிடையாது, அரைஞாண் கயிறு வெளியே தொங்கக்கூடாது, கையில் காப்போ கயிறோ இருந்தால் கழற்ற வேண்டும். மணிக்கட்டில் தொளதொளவென்று நிற்கும் கையுறையும் வேண்டாம், கிளைக்கவை அதில் மாட்டி இழுத்துவிடும். வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், துண்டுத் துணுக்கைக் கையால் தள்ளக்கூடாது, அதற்கென்று ஒரு நீளக் கவைக்கழி வைத்திருக்கிறோம், அது போனால் போகட்டும். கண்ணாடி, காது மூடி கட்டாயம். காது மூடி இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், ராத்திரி முழுக்க ரீங்காரம் கேட்கும். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், அதனால் வேலைக்கு முந்தின நாளே இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறோம், புதுச்சேரியில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை மிஷின் போடுவதே இல்லை, கடையே சாத்தித் தூங்குகிற ஊர்.

சில்லை என்ன செய்வது. நான்கு நடை மிலாறு முக்கால் நடைச் சில்லாகிறது, பெரும்பாலும் அதையும் ஏற்ற வேண்டியதில்லை, அந்த வீட்டுத் தோட்டத்திலேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறோம். மூன்று அங்குல உயரம், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, வீட்டுச் சுவரை ஒட்டாமலும், இல்லையென்றால் கரையான். மண்ணுக்கு மேலே கிடக்க வேண்டும், கொத்திப் புதைக்கக்கூடாது, பச்சை மரச்சில்லைப் புதைத்தால் அது மட்க மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். செம்மண் தோட்டத்தில் சித்திரை வெயிலில் மூடாக்கு போட்ட பாத்தியையும் போடாததையும் விரலை விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மட்டைச் சில்லைக் கேட்டு வாங்குகிற ஒரு தோட்டக்காரர் இருக்கிறார், சாணிக்கரைசல் தெளித்து மண்புழு உரம் போடுகிறார், தென்னை ஓலையில் மண்புழு உரம் போடும் முறையைக் காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பல வருடமாகச் சொல்லி வருகிறது. ஒன்று மட்டும் கவனம். தென்னந்தோப்பில் சில்லைக் குவித்து மாதக்கணக்கில் விட்டால் தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும், புழு கட்டைவிரல் தடிமனுக்கு வளரும். பரப்பிப் போடுங்கள், குவிக்கத்தான் வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், அல்லது அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து விடுங்கள்.

மிஷின் இதுவரை 190 மணி நேரம் ஓடியிருக்கிறது. பெட்ரோல், பிளேடு, சாணை, இரண்டு செட் பெல்ட், ஒரு பேரிங் எல்லாம் கழித்து, மிச்சமான வண்டி நடைக் கணக்கில் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. மாதம் ஐந்தாறு வேலைக்கு மேல் வருகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகும். மாதம் இரண்டு வேலை என்றால் நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் நாள் வாடகைக்கு, ஓட்டுகிற ஆளோடு எடுங்கள், ஆள் இல்லாமல் மிஷினை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. தென்னை மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இதை வாங்காதீர்கள், மட்டைக்கென்றே சுத்தியல் மாதிரி அடித்து நொறுக்குகிற ஷ்ரெடர் தனியாக வருகிறது, அதைப் பாருங்கள். வேம்பும் மாவும் பூவரசும் தென்னையும் கலந்து வருகிற நம் ஊர் வேலைக்கு இந்தப் பதினைந்து எச்.பி. உருளை சரியாக இருக்கிறது. மறுபடி வாங்கினாலும் இதைத்தான் வாங்குவேன், இடைவெளியைக் கடையிலேயே அளந்து பார்த்துவிட்டு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கனமான தலையைக் கழித்துவிடச் சொல்லி இப்போதே வீடுகளிலிருந்து போன் வருகிறது. புரட்டாசிக்குள் ஒரு ஜோடி புதுப் பிளேடு, ஒரு பெல்ட், பட்டறையில் கிடக்கும் பழைய ஜோடி, மூன்றும் கைக்கு வந்துவிட வேண்டும். நேற்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.